வெட்டி எடுப்பதும் வாய் வைப்பதும்

11-1-1970, ஞாயிறு

அறுவைச் சிகிச்சைப் பெயர்களின் விகுதிகள் பற்றிக் கலைச்சொல் குழு கட்டுரை கேட்டிருக்கிறது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு எழுதியவன் என்பதால். வரிசை:

1. டமி: வெட்டித் திறத்தல்.
2. எக்டமி: வெட்டி எடுத்தல்.
3. ஆஸ்டமி: உடலில் புதிதாக ஒரு வாய், அதாவது திறப்பு, வைத்தல்.
4. விகுதி தெரிந்தால் போதும்; நோயாளிக்கு என்ன நடந்தது என்று ஆளைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

நான்காவதில் சற்றுத் துணிந்துவிட்டேனோ?

12-1-1970

பண்ணை அறுவடைக்கு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். கூலி உயர்வு கேட்டு வரப்பில் மறித்து நின்ற நல்லக்கண்ணுவின் வயிற்றில் பண்ணையை நிர்வகிக்கும் காரியக்காரர் துரைராசு அரிவாளைப் பாய்ச்சிவிட்டார். வெளியே வந்த குடலை மனைவி ராமாயி முந்தானையால் பொத்திப் பிடித்தபடி வண்டியில் போனாள். என் வாசலில் ரத்தம் சொட்டிக்கொண்டே போயிற்று.

நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

13-1-1970

ராமாயியின் தம்பி பக்கிரி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்தான்.

“படிச்சு சொல்லுங்கய்யா. மச்சான் பொழைக்குமா?”

டாக்டரின் கிறுக்கல். கண்ணாடியைத் துடைத்து இரண்டு தரம் பார்த்தேன். கோலெக்டமி.

“பெருங்குடலை வெட்டி எடுத்துட்டாங்கப்பா.”

“எடுத்துட்டாங்களா? அப்பறம் மனுசன் என்னத்த தின்னு எங்க செரிக்கும்?”

விகுதியை விளக்கினேன். அவனிடம் போய், விகுதியை!

“எடுக்கறதுன்னா என்னன்னு அந்தத் தொரைக்கும் காட்டுறேன்” என்று போனான். நான் கூப்பிடவில்லை.

14-1-1970, பொங்கல்

களத்துமேட்டில் நெல்லுக்குக் காவல் நின்ற துரைராசுவின் வலது கையை மணிக்கட்டோடு பக்கிரி வெட்டிவிட்டான். கை வைக்கோலில் தனியே கிடந்ததாம். மாலையில் போலீஸ் கூலிக்காரர் தெருவுக்குள் புகுந்து கண்டவர்களை எல்லாம் அடித்தது. பெண்கள் அலறியது இங்கே வரை கேட்டது. பக்கிரியைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போனார்கள்.

15-1-1970

குழுவின் கட்டுரையைத் தொடவில்லை.

19-1-1970

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்லக்கண்ணு கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடிக்கிறான்!

குடலை எடுத்த பிறகு கஞ்சியா என்று கேட்டேன். “எடுத்தாச்சா? யாரு சார் சொன்னா?” என்றார் நர்ஸ் ஷம்சாத். “பக்கவாட்டுல வாய்தான் வச்சிருக்கு. ஆறினதும் மூடிடுவாங்க. கோலாஸ்டமி சார்.”

ஆங்கில ஓவை ஈ என்று படித்திருக்கிறேன். எஸ்ஸை சி என்று. இரண்டு எழுத்து.

ராமாயி என்னைத் திட்டவில்லை. “தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, திரும்ப வந்து கேட்டிருப்பானேய்யா” என்றாள்.

22-1-1970

தப்பாகப் படித்துச் சொன்னவன் நான் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஸ்டேஷனில் கொடுத்தேன். “ஒங்களுக்கு ஏன் பெரியவரே இந்த வம்பு?” என்றார் ஏட்டு. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கம்பிக்குப் பின்னால் பக்கிரி. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“மச்சான் எப்பிடிங்கய்யா இருக்காரு?”

“பொழச்சிட்டான்.”

“கொடலு?”

“உள்ளதான் இருக்கு. நான்தான் தப்பா படிச்சிட்டேன்.”

சிரித்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

குழுவுக்குக் கார்டு போட்டேன்: நான்காவது குறிப்பு தவறு.