வீட்டுக் குரல்

செவ்வாய்க் கிரகம், வடதுருவப் பனி ஆய்வு நிலையம்
பணியில் இருப்பவர் ஒருவர்: பூங்கோதை

நாள் 94, காலை

காற்றழுத்தம் சரி. துளைக்கருவி சரி. வெளியே மைனஸ் எண்பது. நேற்று எடுத்த பனித்தண்டுகளில் ஒன்று உடைந்துபோனது. சூட்டை நான்தான் கூட்டி வைத்துவிட்டேன்.

அடுத்து இங்கே வந்து உட்காரப் போகிறவருக்கு: நாற்காலியின் பின்கால் ஆடும், அட்டையை மடித்து முட்டுக் கொடுங்கள். படுக்கை அறைக் கதவில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். வரைபடத்தில் அது கிடையாது, நான் போட்டது. பிடிக்காவிட்டால் கழற்றிவிடுங்கள். எனக்கு அது இல்லாமல் தூக்கம் வராது.

நாள் 97, காலை

பூமியிலிருந்து புது மென்பொருள் வந்தது. தனியாகக் கிடக்கிறவர்களுக்கு மனசு வாடக் கூடாதாம், 'வீட்டுக் குரல்' என்று ஒரு திட்டம். இத்தனை நாள் இயந்திரக் குரலில் பேசிய நிலையம் இனி நம் வீட்டு ஆள் ஒருவரின் குரலில் பேசும். யார் என்பதை வீட்டார் முடிவு செய்வார்கள். நமக்கு இன்ப அதிர்ச்சியாம், மண்ணாங்கட்டி.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கி பேசியது.

"சாப்டாச்சா அம்மிணி? மாமன்தான்."

அம்மாவின் தம்பி சென்னியப்பன். அப்பா போன பிறகு என்னையும் தங்கை திலகாவையும் படிக்க வைத்தவர். எங்கள் ஊர் கோபியில் அவரைக் கும்பிடாத ஆள் கிடையாது. அம்மா ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்திருப்பாள்.

டீ கொட்டிவிட்டது. துடைத்தேன்.

நாள் 98, மாலை

குரலை நிறுத்த முடியவில்லை. அபாய அறிவிப்பும் அதே வழியில்தான் வருகிறது, பூமியிலிருந்துதான் மாற்ற முடியும். காரணம் கேட்டார்கள். தெளிவாக இல்லை என்று சொல்லி வைத்தேன். இன்று சுத்தம் செய்து, இன்னும் தெளிவாக அனுப்பியிருக்கிறார்கள். இப்போது மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது.

ஒலிபெருக்கிகள் மேல் பஞ்சு வைத்து ஒட்டினேன்.

நாள் 101, மதியம்

எழுதித்தான் ஆக வேண்டும். எனக்கு ஒன்பது வயதில் தொடங்கி பன்னிரண்டு வரை. ஆள் அவர்தான். இதற்கு மேல் இங்கே விவரம் எழுத மாட்டேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான், பயிற்சிக் காலத்தில் தூக்கம் வரவில்லை என்று நான் போய் நின்ற மனநல ஆலோசகர் ரெஜினா. அவரிடமும் பெயர் சொல்லவில்லை. அவரும் தோண்டவில்லை. நீங்க எப்ப சொல்ல நினைக்கிறீங்களோ அப்பச் சொல்லுங்க, அதுவரைக்கும் நான் இங்கதான் இருக்கேன் என்றார். அப்படி என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்.

நாள் 103, காலை

நேற்று செத்திருப்பேன்.

படுக்கை அறையில் காற்றுக் கசிவு. நான் உள்ளே, தாழ்ப்பாள் போட்டபடி. பஞ்சையும் மீறிக் கேட்டது.

"கதவத் தொற அம்மிணி. மாமன் சொல்றேன்ல, தொற."

கட்டளை சரியானதுதான். வெளியே வந்தால் உயிர் பிழைக்கலாம். ஆனால் கை எழவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு நாற்பத்தொரு வயது, மூன்று பட்டம், இரண்டு விண்பயணம். ஒன்பது வயதுப் பிள்ளை மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். காற்று போய்க்கொண்டே இருந்தது.

ரெஜினா சொல்லிக் கொடுத்தது எப்படியோ ஞாபகம் வந்தது. பாதத்தைத் தரையில் அழுத்து. கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல். கம்பளி, திருகு, என் செருப்பு, நீல விளக்கு. என் பேர் பூங்கோதை. இது செவ்வாய். அந்த ஆள் இங்கே இல்லை. நாலாவது தடவை சொல்லும்போது தாழ்ப்பாள் கைக்கு வந்தது.

கசிவை அடைத்துவிட்டேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாள் 104, மாலை

நடந்ததை ரெஜினாவுக்கு அனுப்பினேன், இந்தத் தடவை பெயரோடு. உயிர் போகிற நேரத்தில்கூட அசையத் தெரியாத கோழை நான் என்றும் சொல்லியிருந்தேன். அவர் பதில்:

"பூங்கோதை, அது கோழைத்தனம் இல்லை. பயந்தா உடம்பு ஓடப் பார்க்கும், இல்லேன்னா எதிர்க்கும். குழந்தைக்கு ரெண்டுமே முடியாது, அதனால அப்படியே உறைஞ்சு போயிடும். அன்னைக்கு உங்க உடம்பு அப்படித்தான் உங்களைக் காப்பாத்துச்சு. முந்தாநாள் அதுக்கு வருஷம் மாறிப்போனது தெரியலை, அவ்வளவுதான். தப்பு உங்க மேல இல்லை."

கடைசி வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பிறகு அழுதேன். நன்றாகவே அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

நாள் 105, காலை

திலகாவிடமிருந்து வாரச் செய்தி. அவளுக்கு ஈரோட்டில் புது வேலை, ராத்திரி ஷிப்ட். பரீட்சை லீவு முழுக்க மகள் மிருதுளாவை மாமா வீட்டில் விட்டிருக்கிறாளாம். பிள்ளைக்கு அவர் அப்புச்சி, தாத்தா முறை.

"மாமா அவள உட்டு நகர்றதே இல்லக்கா. நம்மளப் பாத்துக்கிட்ட மாதிரியே பாத்துக்கறாரு."

மிருதுவுக்கு எட்டு வயது.

நாளை மறுநாள் சூரியன் நமக்கும் பூமிக்கும் குறுக்கே வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு வார்த்தை போகாது, வராது. எனக்கு இருப்பது இன்றும் நாளையும்.

நாள் 105, இரவு

என்ன செய்வது என்று ரெஜினாவிடம் கேட்டேன். ஒரு குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்துவிட்டால் புகார் கொடுப்பது தன் கடமை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது, கொடுக்கத்தான் போகிறேன் என்றார். ஆனால் பிள்ளையை முதலில் அந்த வீட்டிலிருந்து தூக்கி வர வேண்டியது அவள் அம்மா. அதை நான் என் வாயால் சொன்னால் நல்லது என்றார்.

திலகா நம்புவாளா? அவள் கல்யாணத்தில் தாய்மாமன் சீர் செய்த மனுஷன் அவர். அம்மா நம்பவே மாட்டாள், அது எனக்குத் தெரியும்.

நம்பாவிட்டால் போகட்டும். சொல்கிறேன்.

நாள் 106, மதியம்

அனுப்பிவிட்டேன்.

"திலகா, தனியா இருக்கும்போது கேளு. சின்ன வயசுல மாமா எங்கிட்டத் தப்பா நடந்துக்கிட்டாரு. மூணு வருஷம். நான் யாருக்கும் சொல்லல. மிருதுவ இன்னிக்கே கூட்டிட்டு வந்துரு. அவகிட்டத் துருவித் துருவிக் கேக்காதே, திட்டாதே. கூட மட்டும் இரு. என்னைய நம்பலீன்னாலும் பரவால்ல, புள்ளையக் கூட்டிட்டு வந்துட்டு அப்புறம் எங்கிட்டச் சண்டை போடு."

இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நாள் 107, காலை

இரைச்சல் கூடிவிட்டது. இரைச்சலுக்கு நடுவே திலகா:

"அக்கா, நீ அனுப்புனதக் கேட்டேன். எனக்கு ஒண்ணு மட்டும்..."

அத்தோடு தொடர்பு போனது.

நாள் 111

ஒன்று மட்டும் என்ன? புரியவில்லையா, நம்ப முடியவில்லையா? அழுகிற குரலா அது, கோபமா? நூறு தடவை கேட்டாயிற்று. துளை போடவில்லை. சாப்பிடவும் இல்லை.

"சாப்டாச்சா அம்மிணி?" என்கிறது சுவர்.

நாள் 114

ரெஜினா இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்துச் சோறு பொங்கினேன். உப்பில்லை. தின்றேன்.

நாள் 116

மறுபடி அபாய அறிவிப்பு, துளை அறையில். "வெளிய வா அம்மிணி, கதவத் தொற." கால் கட்டிப்போனது. பாதத்தை அழுத்தினேன். செருப்பு, திருகு, விளக்கு. திறந்தேன். போன தடவையை விடச் சீக்கிரம். வெளியே வந்து சுவரைப் பார்த்து அசிங்கமாகத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

நாள் 119

மிருது இப்போது எங்கே தூங்குகிறாள்?

நாள் 122, காலை

தொடர்பு வந்தது. முதலில் நிலையம் பேசியது. "காற்றழுத்தம் சரி." யாருடையதும் இல்லாத பழைய இயந்திரக் குரல். ரெஜினா சொல்லி மாற்ற வைத்திருக்கிறார்.

அடுத்து திலகா.

"அக்கா, அன்னிக்கே ராத்திரி போயிக் கூட்டிட்டு வந்துட்டேன். நான் எதுவும் கேக்கல. நாலாம் நாளு அவளே சொன்னா. அக்கா, அவ முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கா. அப்புச்சி வூட்டுக்குப் போவ மாட்டேன்னு காலக் கட்டிக்கிட்டு அழுதா. அடம்புடிக்கறான்னு ரெண்டு போட்டு உட்டுட்டு வந்தேன்க்கா."

கொஞ்ச நேரம் வெறும் அழுகை. பிறகு மீதியைச் சொன்னாள். போலீஸ் அவரைக் கூட்டிப் போயிருக்கிறது. அம்மா எங்கள் இருவரிடமும் பேசுவதில்லை. ரெஜினாவுக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் மிருது வாரா வாரம் போகிறாள். படம் வரைகிறாள், மண்ணில் விளையாடுகிறாள், பேசத் தோன்றினால் பேசுகிறாள். அங்கே யாரும் அவசரப்படுத்துவதில்லையாம்.

நான் வாய் திறந்தபோது நேரம் கடந்திருந்தது. என் தப்பு இல்லை என்று ரெஜினா சொல்வார். இன்றைக்கு அது உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது.

நாள் 122, மாலை

கடைசியாக இன்னொரு செய்தி இருந்தது. மிருதுவே பேசியது.

"பெரியம்மா, அப்புச்சி கொரலு உங்க வூட்லயும் இருந்துச்சாமா. நீங்க எப்புடித் தூங்குனீங்க?"

பதில் பதிவு செய்ய உட்கார்ந்தேன். முதல் தடவை 'அம்மிணி' என்று ஆரம்பித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழித்தேன். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளை எல்லோரும் கூப்பிடுகிற வார்த்தை, அதையும் அந்த ஆள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது தடவை, பெரியம்மாவுக்குப் பயமே இல்லை என்று சொன்னேன். அதையும் அழித்தேன்.

மூன்றாவதை அனுப்பினேன்.

"மிருது, பெரியம்மா தூங்கல. கதவச் சாத்திட்டு முழிச்சுட்டே இருந்தேன். இன்னும் சில ராத்திரி அப்படித்தான். நீ தூங்கறயா, சாமி?"

போய்ச் சேர இருபது நிமிடம். அவள் யோசிக்கக் கொஞ்சம். வர இருபது. தாழ்ப்பாள் போடாமல் உட்கார்ந்திருக்கிறேன்.