மாவாட்டற சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உக்கடத்துல இருந்து சுகந்தி எழுதறேனுங்க. அப்பாவுக்கு மூட்டுவலி தேவலைங்களா? உங்க பேரன் இனியன் நல்லா இருக்கான். ஆட்டிசம் ஸ்கூலுக்கு இப்ப அழுகாம போறான். பேச்சுதான் இன்னும் வரலைங்க.

போன வாரம் நான் கடை வேலைக்குக் கிளம்பற அவசரத்துல, இனியன் வெளிய ஓடிப்போட்டான். பயப்படாதீங்க, எங்க லைன் ஊடுகளுக்குள்ளயேதான் இருந்தான். கடைசி ஊட்டுக் கிருபாக்கா மாவாட்டற சத்தம் கேட்டு உள்ள போயி, ஓடற கிரைண்டர் பக்கவாட்டுல கன்னத்தை ஒட்டிவெச்சுச் சிரிச்சுட்டு நின்னான். அக்கா அவன் கை ரெண்டையும் பத்திரமாப் புடிச்சிருந்தாங்க. மாவு எப்பவோ அரைஞ்சுபோச்சு. "புள்ள சிரிக்கறான் அம்மணி, எப்படி நிறுத்தறது?"ன்னாங்க. அந்த மாவுலதான் லைன் முழுக்கத் தோசை.

இப்ப யார் மாவாட்டுனாலும் எங்களைக் கூப்பிடறாங்க. முன்ன இவன் கத்துனா கதவைச் சாத்துனவங்கதானுங்க.

தம்பி மோகன் தாராபுரத்துல இருந்து வாரப்ப பருப்புப்பொடி குடுத்துவிடுங்க. உங்க பழைய சேலை ஒண்ணும். துவைக்காட்டியும் பரவால்லைங்க.

ஸ்கூல் வேன் வந்துருச்சு. அப்பா வாங்கித் தாரேன்னு சொன்ன கிரைண்டர் மட்டும் வேண்டாமுங்க. எங்கூட்லயே ஒண்ணு ஓடுச்சுன்னா, அப்புறம் எங்களை யாருங்க கூப்பிடுவாங்க?

உங்க சுகந்தி