இடது மூக்கில் மட்டும் வந்த கரி

அன்புள்ள அப்பா,

நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதப் போகிறேன். என் தவறையும் சேர்த்துத்தான்.

உங்கள் கைக்குட்டைகளைத் துவைத்தது நான். நம் ஊர் கணபதியில் இரும்பு வார்க்கும் பவுண்டரி வேலைக்குப் போகிறவர்களின் கைக்குட்டை கறுப்பாகத்தான் இருக்கும். "பவுண்டரிக்காரன் மூக்குல கரி வராம சந்தனமா வரும், கண்ணு?" என்று சிரிப்பீர்கள்.

அந்தப் பொங்கலுக்குப் பவுண்டரி நான்கு நாள் மூடியிருந்தது. நான்காம் நாளும் கைக்குட்டையில் கறுப்பு இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் ரத்தம். இடது பக்கத்தை மட்டும் நீங்கள் துடைத்துக்கொள்வதையும் பார்த்தேன். ஏன் நான் சொல்லவில்லை, அப்பா?

சித்திரையில் மூக்கு அடைத்த பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

"எவ்வளவு நாளா வருது?" என்று கேட்டார்.

"கரிங்களா? பதினஞ்சு வருசமா வருதுங்க" என்றீர்கள்.

"ரெண்டு பக்கமுமா?"

நீங்கள் யோசித்தீர்கள். "இடது பக்கம் மட்டுமுங்க" என்றேன் நான். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள்.

சதையைக் கிள்ளிச் சோதித்ததில் மெலனோமா என்று வந்தது. தோலில் வருகிற அந்தப் புற்றுநோய் மூக்குக்குள் வருவது மிக அபூர்வமாம். அந்தக் கட்டியே கறுப்பாம்; கைக்குட்டையில் வந்தது வெறும் கரியல்ல. அறுத்து எடுத்தாலும் திரும்ப வரக்கூடியது என்று டாக்டர் அம்மாவிடம் தனியாகச் சொன்னார். அப்படியே வந்தது.

நீங்கள் போன பிறகு டாக்டரிடம் கேட்டேன், பொங்கலிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பீர்களா என்று. "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த இரண்டு வார்த்தைகளை எத்தனை விதமாகப் படிப்பது?

நேற்று, உங்களோடு வேலை பார்த்த மாரப்பன் மாமா வீட்டுக்கு வந்தார். அவர் கைக்குட்டையும் கறுப்பு.

"ஏனுங்க மாமா, ரெண்டு பக்கமுமா வருது?"

"என்ன அம்மணி, டாக்டராயிட்டியா? வலதுலதான்..." என்றவர் பாதியில் நிறுத்தினார்.

"லீவு நாள்லயும் வருதுங்களா?"

அவர் சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கு ஷிப்டு முடிஞ்சு டாக்டர்கிட்ட வாரேன். நீயும் கூட வா."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். இப்போது பவுண்டரி வாசலில் பள்ளிப் பையை மடியில் வைத்து எழுதுகிறேன். வெறும் கரியாகவும் இருக்கலாம். இருக்கட்டும்.

கண்ணில் பட்டதை இனி ஒருநாளும் வாய்க்குள் வைத்துக்கொள்ள மாட்டேன், அப்பா.

மாமா துண்டை உதறிக்கொண்டு வெளியே வருகிறார். உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் கைக்குட்டைகளைத் துவைத்த மகள்,
சுமதி