பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

இன்று காலை காய்ச்சலுக்குக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதுச் சீட்டு போட்டுக் கொடுத்தார்கள். என் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் முன்பே, அதிலிருந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டத் தொடங்கிவிட்டேன், மூன்றால் வகுபடுமா என்று. வகுபட்டது. உன்னிடம் சொல்லத் திரும்பினேன். பக்கத்து நாற்காலியில் யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

உன் எண் 1022117. புதுக்கோட்டையில் டயாலிசிஸுக்குச் சேர்ந்த முதல் நாளே அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இது பகா எண்ணா இருந்தா நான் பொழச்சுக்குவேன்டி. எதாலயும் ஒடைக்க முடியாதுல்ல?" கல்லூரியில் நம் கணக்கு வகுப்பின் முதல் மாணவி நீ. கட்டுமாவடிக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருடம் கழித்து இப்படிச் சகுனம் பார்க்கிறாயே என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

சனிக்கிழமைதோறும் கறம்பக்குடியிலிருந்து பஸ் ஏறி வருவேன். ஊசி ஏறிய இடக்கையை அசைக்காமல் படுத்தபடி நீ பகா எண்களை வரிசையாகச் சொல்ல, நான் நோட்டில் வகுப்பேன். ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. பதினொன்றால் வகுத்தால் மீதி எட்டு. மீதி வரவர உன் முகம் தெளியும். ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு பகா எண்கள். அத்தனையும் மீதி வைத்தன. மிச்சம் 1009 ஒன்றுதான். அதற்கடுத்த பகா எண்ணின் வர்க்கமே நம் எண்ணைத் தாண்டிவிடும். அதற்குள் அன்றைய நேரம் முடிந்துவிட்டது.

"வீட்ல போட்டுட்டு போன்ல சொல்லு," என்றாய்.

பஸ்ஸிலேயே போட்டேன். 1013 தடவை. மீதி இல்லை. மூன்று முறை போட்டும் மீதி இல்லை.

"பகா எண்தான்டி," என்று போனில் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை நீ என்னைப் பார்க்காமலே பேசினாய். "நானே போட்டுப் பாத்தேன். டாக்டரு நல்லாயிரும்ங்கிறாரு. எங்க வீட்ல அவுக கிட்னி கெடைச்சிரும்ங்கிறாக. எல்லாரும் எனக்குப் பிடிச்சதயே சொல்றீங்க. கணக்குலயுமாடி பொய் சொல்லுவ?"

நீ அழவில்லை. நான்தான் அழுதேன்.

கடைசி வாரம், மூச்சு வாங்கியபடி, "நான் பொழப்பேனா?" என்று கேட்டாய். உன் வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். உன் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லடி. டாக்டருக முடியாதுன்னுட்டாக," என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். என் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப மகள வரச்சொல்லு. பேசணும்," என்றாய். சென்னையில் படித்துக்கொண்டிருந்தவள் மறுநாளே வந்துவிட்டாள். ஒரு மத்தியானம் முழுக்க இருவரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் வெளியே நின்றிருந்தேன்.

உன் வீட்டுக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. மகள் பேசுகிறாள். போன வாரம் போனில் கேட்டாள்: "சித்தி, கடைசில அம்மா பயந்தாங்களா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஆமாத்தா," என்றேன். "ரொம்பப் பயந்தா. ஒன்கிட்ட பேசுனதுக்கப்புறந்தான் கொஞ்சம் தூங்குனா."

அவள் அழுது முடிக்கும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.