மீசை வைத்த ராஜா

அன்புள்ள ரஜனிக்கு,

அங்கே மகளும் பேரனும் சுகமென்று நம்புகிறேன்.

வெங்காய மூட்டை அடுக்க ஸ்டோர்ஸ் கட்டுவதற்காகக் கொட்டாஞ்சேனையில் நான் வாங்கிய பழைய நாடகக் கொட்டகையை ஆதிபா என்றொரு பிள்ளை ஓவியமாக வரைந்திருக்கிறாள். இன்று கொள்ளுப்பிட்டிக் கண்காட்சியில் பார்த்தேன். முன்பு பெண்களே ஆண் வேடமும் கட்டி ஆடிய மேடையாம். பழைய புகைப்படமொன்றைப் பார்த்து வரைந்தாளாம். நடுவில் மீசை வைத்த ராஜா, இடுப்பில் கை, ஒரு புருவம் மேலே. என்னோடு சண்டை பிடிக்கும்போது நீர் நிற்கிற அதே நிற்பு. அது நீர்தான்.

கொட்டகையை வாங்கப்போவதாகச் சொன்ன அன்று நீர் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தீர். "மேடையையும் உடைக்கிறதோ?" என்று மட்டும் கேட்டீர். "பின்ன, நானென்ன கூத்தாடவோ?" என்று சிரித்தேன்.

நாளைக்கு வரவிருந்த உடைக்கிற ஆட்களை மறித்துவிட்டேன். உம்மைக் கேட்காமல் ஒரு செங்கல்லும் விழாது.

"அங்கிள், இந்த ராஜாவத் தெரியுமா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். முப்பது வருசத்துக்கு மேல் உம்மோடு ஒரே வீட்டில் இருந்தவன், "தெரியாது மகள்" என்றேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

உம்முடைய மனுசன்