நூற்றைம்பது கிராம் சூரை

மிதவை ஆய்வகம் 6, இந்தியப் பெருங்கடல்
பதிவு செய்பவர்: டாக்டர் ஜெரால்டின் கொரைரா, வேதியியல்

2091 ஜூன் 28, காலை 6.40

கடல் வெப்பம் 31.2. காற்று மிதம். குடிநீர் இயந்திரம் சரி. நானும் சரி, காபித்தூள்தான் சரியில்லை.

ஆளில்லாப் படகு நேற்று மாலை வலைமேடையிலிருந்து மாதிரிகளைக் கொண்டுவந்தது. வலைமேடை என்பது எனக்கு வடக்கே அறுபது கிலோமீட்டரில் மிதக்கும் மீனவர் குடியிருப்பு. நாற்பத்து மூன்று பேர், எல்லோரும் எங்கள் தூத்துக்குடிப் பக்கம். செப்டம்பர் கடைசிவரை கப்பல் வராது. அதுவரை அவர்களுக்கு அரிசி கொஞ்சம், சூரை மீன் நிறைய. சூரையில் பாதரசம். முப்பது வருடத்துக்கு முன் இருந்ததைப்போல இப்போது இரண்டு மடங்கு. யார் எவ்வளவு தின்னலாம் என்று சொல்வதற்குத்தான் நான் இங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

இன்றைய சூரை: கிராமுக்கு 0.6 மைக்ரோகிராம். ரொசிட்டாவுக்கான அளவு: வாரம் நூற்றைம்பது கிராம், அதற்குமேல் ஒரு துண்டும் கூடாது. ரொசிட்டா வலைமேடையின் வானொலிக்காரி. ஐந்தாம் மாதம். ஏற்கெனவே இரண்டு கலைந்துபோயின. தாய்க்கு ஒன்றும் தெரியாமலே வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுப்பது பாதரசத்தின் குணம். அட்டவணைக்குக் கீழே கையெழுத்துப் போடும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். மறைப்பானேன்?

ஜூலை 4, மாலை 5.15

வலைமேடையிலிருந்து: "டாக்டரக்கா, கேக்குதா? ரொசிட்டா பேசுதேன். இங்க குளிர்பெட்டி செத்துப்போச்சு. கவலப்படாதீங்க, மீனு ஒண்ணும் வீணாப் போவல, ஆம்பளைங்க பாத்துக்கிட்டாவ. நான் நீங்க சொன்ன நூத்தம்பது கிராம தராசுல வச்சு நிறுத்துத்தான் திங்கேன். வீட்டுக்காரரு என்னப் பாத்துச் சிரிக்காரு."

மீன் வீணாகவில்லை என்றால் மகிழ்ச்சி என்றேன். மாதிரியை எப்போதும்போலப் பிடித்தவுடன், பச்சையாக, குப்பியில் அடைத்து அனுப்பச் சொன்னேன். மாதம் ஒருமுறை அவள் தலைமுடியிலும் பத்து இழை கேட்டேன். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்தந்த மாதம் தின்ற பாதரசம் அந்தந்த சென்டிமீட்டரில் பதிந்திருக்கும்.

ஜூலை 19, பிற்பகல் 3.00

பகல் பன்னிரண்டுக்கு மின்னல் விழுந்தது. செயற்கைக்கோள் கருவி கரிக்கட்டை. வானொலியில் அனுப்பும் பகுதியும் போயிற்று, கேட்கும் பகுதி மட்டும் பிழைத்தது. எனக்குக் காது உண்டு, வாய் இல்லை. படகில் சீட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 22, மாலை 5.20

"அக்கா, சீட்டு கெடச்சுது. தெனமும் இந்த நேரத்துக்குப் பேசுதேன், நீங்க சும்மா கேளுங்க. இப்பவாச்சும் உங்கட்ட திட்டு வாங்காமப் பேசலாமே!"

சிரித்தேன். இங்கே என் சிரிப்பைக் கேட்க ஆள் இல்லை.

ஆகஸ்ட் 16, காலை 10.30

படகு வந்தது. குப்பியில் சூரை: 0.6. மாற்றமில்லை.

ரொசிட்டாவின் முடி: மூன்றாவது சென்டிமீட்டரில் 2. இரண்டாவதில் 4. வேரோரத்தில், அதாவது கடைசி மாதத்தில், 6.

இரண்டைத் தாண்டக் கூடாது. கருவியைத் திருத்தி மூன்று முறை ஓட்டினேன். ஆறு, ஆறு, ஆறு. என் அட்டவணைப்படி சாப்பிட்டால் ஆறு வரவே வராது. அப்படியானால் திருட்டுத் தீனி. தராசு வைத்துத் தின்கிறேன் என்று என்னிடமே கதை விட்டிருக்கிறாள். ஏழாம் மாதத்தில் நாக்கை அடக்க முடியவில்லையா?

அதே நாள், காலை 11.50

படகில் இன்னொரு பொட்டலம் இருந்தது. மேலே அவள் எழுத்து: "டாக்டரக்காவுக்கு, எங்க கையால செஞ்சது."

உள்ளே மாசி. சூரையை அவித்து, புகையில் வாட்டி, விறகுக்கட்டையாகும்வரை வெயிலில் காயவைத்தது.

குளிர்பெட்டி செத்த அன்றிலிருந்து இதைத்தான் தின்கிறார்கள். ஆம்பளைங்க பாத்துக்கிட்டாவ. எப்படி என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காயும்போது தண்ணீர்தான் போகும், பாதரசம் போகாது. ஒரு கிலோ சூரை கால் கிலோ மாசியாகும். கருவியில் வைத்தேன்: 2.4. நான்கு மடங்கு. நான் அளந்தது பச்சை மீனை. அவள் தராசில் வைத்தது மாசியை. நூற்றைம்பது கிராம், ஒரு குன்றிமணி கூடாமல், நான் சொன்னபடியே.

அவள் திருடவில்லை. நான்தான் ஆறு வாரமாக அவளுக்கு விஷம் அளந்து கொடுத்திருக்கிறேன். அட்டவணையில் 'பச்சை மீன்' என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். எங்கள் வீட்டிலும் மாசிச் சம்பல் உண்டு. எனக்குத் தெரியாதா?

அதே நாள், பிற்பகல் 2.10

படகைத் திருப்பி அனுப்பிவிட்டேன். சீட்டு, தகட்டில் கீறியது: "ரொசிட்டா, இனி மாசியைத் தொடாதே. உன் பிள்ளைக்கு ஆகாது. தப்பு என்னுடையது."

மற்றவர்களுக்குத் திருத்திய அட்டவணை அடுத்த நடையில். நாற்பத்திரண்டு பேருக்கும் எடைவாரியாகக் கணக்குப் போட வேண்டும். அரைகுறையாக அனுப்பும் பழக்கம் எனக்கில்லை.

ஆகஸ்ட் 17, மாலை 5.20

"அக்கா, ரொசிட்டா. சீட்டப் படிச்சேன். ஒரே அழுகை, பெறவு சரியாயிட்டேன். நேத்தையோட மாசிய விட்டாச்சு, இனி கஞ்சியும் பயறுந்தான். தப்பு உங்களுதுன்னு எழுதாதீங்கக்கா, நீங்க இல்லன்னா எனக்கு யாரு சொல்லுவா? என் பங்க வீணாக்கல, நம்ம பெனிட்டா மவ லில்லிக்குக் குடுத்துட்டேன். ஒண்ணரை வயசாவுது, பல்லு மொளச்சிட்டு. பொடிச்சுக் கஞ்சில போட்டா அள்ளி அள்ளித் திங்கா. அப்புறம், கடலு ரொம்ப மோசமா இருக்கு. படக இங்கயே கட்டிப்போட்டுட்டோம், கப்பல் வந்த பெறவு அனுப்புதோம். உங்க படகு, பத்திரமா இருக்கட்டும்."

மாலை 5.40

ஒரு பெண்ணுக்கு மட்டும் எழுதினேன். ஒரு பெண்ணை மட்டுமே நினைத்தேன்.

லில்லி ஒன்பது கிலோ இருப்பாள். அவளுக்கு வாரம் ஆறு கிராம் மாசிக்கு மேல் ஆகாது. ரொசிட்டாவின் பங்கு நூற்றைம்பது.

ஆகஸ்ட் 24, காலை

அனுப்பும் பகுதியைப் பிரித்து கருகிய கம்பிகளை ஒட்டினேன். பிரயோசனமில்லை. மறுபடி ஒட்டினேன். வலது கை விரல் இரண்டு வெந்துபோயின. மைக்கில் கத்துகிறேன், போகாது என்று தெரிந்தே.

செப்டம்பர் 3, காலை 9

அலை சூரியத் தகடுகளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. குடிநீர் இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். மின்சாரம் முழுவதும் வானொலிக்கு. அதைக் கேட்டு என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ரொசிட்டாவுக்குப் பிள்ளை நன்றாக உதைக்கிறதாம்.

செப்டம்பர் 11

மழைத்தண்ணீர் அரை வாளி. தலை சுற்றுகிறது. நாற்பத்திரண்டு பேருக்கும் அட்டவணை முடித்துவிட்டேன். பிழையே இல்லை. மேசைமேல் கிடக்கிறது. அதைக் கிழித்துப்போட வேண்டும்போல இருக்கிறது.

செப்டம்பர் 20, மாலை 5.20, மின்சாரம் 3 சதவீதம்

"அக்கா, கேக்கியளா? இன்னைக்கு ஒரே சிரிப்பு. லில்லி ஓடியாடித் திரிஞ்சவ, நாலு நாளா கள்ளு குடிச்சவ மாதிரி தள்ளாடித் தள்ளாடி நடக்கா. கரண்டியப் புடிச்சா கை வாய்க்குப் போவாம காதுக்குப் போவுது. சேட்டைக்காரி, வேணும்னே செய்யுதா. விழுந்து எந்திரிக்கும்போதெல்லாம் நாங்க எல்லாரும் கைதட்டுதோம். பசி மட்டும் நல்லா இருக்கு, இப்ப மாசிய ரெண்டு வேளையாக்கிட்டோம்."

இதைக் கண்டெடுப்பவருக்கு: என்னைத் தேட வேண்டாம். முதலில் வலைமேடையைக் கூப்பிடுங்கள். அது சேட்டை இல்லை. லில்லிக்கு மாசி கூடாது, ஒரு சிட்டிகைகூட. அவள் அம்மாவுக்கும் சொல்லுங்கள், பால் கொடுக்கிறவள். எல்லோருக்கும்

ரொசிட்டா, கைதட்டாதே. யாரும் கைதட்டாதீர்கள். அவள்