கவுனுக்குள் ஒரு லேபிள்

ஜூன் 4

என் வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நலம்தான் என்று வைத்துக்கொள். நான் வேலை செய்யும் தையல் கடைக்கு மேலேயே ஓர் அறை கிடைத்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. காற்று மட்டும் தாராளம். என் வீட்டுக்காரர் முறித்த மணிக்கட்டு, கத்தரி பிடித்தால் இன்னும் வலிக்கிறது. போனில் இருந்த ஆப்களை எல்லாம் எடுத்துவிட்டேன். இனி நமக்குள் தபால்தான், அலுத்துக்கொள்ளாதே.

சுண்டுவின் பிறந்தநாளுக்கு மஞ்சள் கவுன் அனுப்பியிருக்கிறேன். உன் மகளுக்குப் போட்டு ஆசை தீரப் பார். ஊருக்குக் காட்டாதே. நான் இருக்கும் இடம் அவருக்குத் தெரியக்கூடாது, எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அக்கா

ஜூன் 15

அன்பு அக்கா,

கவுன் அளவெடுத்துத் தைத்தது போலவே இருக்கிறது. கழற்றமாட்டேன் என்று சுண்டு அதோடேயே தூங்கிவிட்டாள்.

ஒரு போட்டோ போட்டேன், கோபிக்காதே. என் வாயைக் கட்டினாலும் கையைக் கட்ட முடியவில்லை. ஆனால் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். குழந்தை முகம் வேண்டாம், உன் பேச்சே வேண்டாம் என்று கவுனை மட்டும் ஹேங்கரில் மாட்டி எடுத்தேன். என் கணக்கும் பூட்டியதுதான், நம்ம ஆளுங்க மட்டும்தான் பார்ப்பார்கள். "எந்த டெய்லர், சொல்லேன்" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் மூச்சு விடவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் வாலு

ஜூன் 24

வாலு,

நேற்று அவர் கடைக்கு வந்தார். கையில் போன், அதில் உன் ஹேங்கர் போட்டோ. ஹேங்கரில் மாட்டினால் கழுத்துக்கு உள்ளே இருப்பது தெரியாதா? விரலால் பெரிதாக்கினால் கடைப் பெயர், போன் நம்பர், எல்லாம் லேபிளில் இருக்கிறது. இங்கே லேபிள் வைக்காமல் ஒரு துணியும் வெளியே போகாது. கைப்பழக்கத்தில் நானே வைத்துத் தைத்திருக்கிறேன். உன்னை மட்டும் எப்படித் திட்டுவேன்?

உன் 'நம்ம ஆளுங்க'ளில் அவருடைய அக்காவும் உண்டு. மறந்துவிட்டாயா?

துணி போட்டுப் பார்க்கும் திரைக்குப் பின்னால் நின்றேன். "இதத் தைச்சது யாரு?" என்று கேட்டார். "நான்தான். அளவு குடுக்கணும்னா குழந்தையக் கூட்டிட்டு வாங்க" என்றார் எங்கள் கடை மாஸ்டர், பட்டன் தைப்பதை நிறுத்தாமல். வந்தவர் வெளியே போய், எதிர்க்கடையில் வெகுநேரம் டீயோடு உட்கார்ந்திருந்தார். திரும்ப வருவார். பயமாக இருக்கிறது. பயந்து பயந்து அலுத்தும்விட்டது.

அக்கா

ஜூலை 1

அக்கா,

படித்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அவர் அக்காவை என் கணக்கிலிருந்து எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, தப்பாக நினைப்பார்களே என்று. அந்தக் கூச்சம் உன் தலையில் விடிந்துவிட்டது. இங்கே வந்துவிடு. இல்லாவிட்டால் திட்டியாவது ஒரு வரி எழுது. எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

உன் வாலு

ஜூலை 12

என் வாலுவுக்கு,

மாஸ்டர் உன் கடிதத்தை எப்படியோ சேர்த்துவிட்டார். இப்போது வேறு ஊர், வேறு கடை. முகவரி எழுதப்போவதில்லை. தபால் முத்திரையையும் நம்பாதே, பயணம் போகிற ஒருவரிடம் கொடுத்துப் போடச் சொன்னேன். உன் வீடு அவருக்குத் தெரியும், அங்கே எப்படி வருவேன்? உன்மேல் கோபமில்லை. இருந்திருந்தால் கிளம்புவது சுலபமாக இருந்திருக்கும்.

சுண்டுவுக்கு இன்னொரு கவுன் வைத்திருக்கிறேன். லேபிள் இல்லை. மறுபடி எப்போது அவளைப் பார்ப்பேன் என்று தெரியாததால் தோளிலும் பக்கத்திலும் கீழேயும் துணியை நிறைய உள்ளே மடித்து விட்டிருக்கிறேன். அவள் வளர வளரத் தையலைப் பிரித்துவிடு. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரி, வாலு. அது நாலைந்து வருஷமாவது வர வேண்டும்.

அக்கா